இறக்கத்தில் எஞ்சினை அணைக்கிறவர்கள்

பிரேக் வேலை செய்கிறவனை யாரும் சந்தோஷமாகத் தேடி வருவதில்லை. எஞ்சின் வேலைக்காரனிடம் நின்றுபோன வண்டியைக் கொண்டுபோய் விடுகிறார்கள். அது மறுபடி உறுமியதும் சொந்தக்காரருக்கு முகமெல்லாம் பல். பெயின்ட் அடிக்கிறவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பழைய தகரத்தைப் புது மாப்பிள்ளையாக்கி அனுப்புகிறான். என்னிடம் வருகிறவர் எதிலோ இடிக்கப் போய், மயிரிழையில் தப்பி, இரத்தம் வற்றிய முகத்தோடு வருகிறார். வேலை சரியாக அமைந்துவிட்டால் அதைப் பற்றி அவர் நினைக்கப் போவதில்லை. சரியாக அமையாவிட்டால், நினைக்க அவர் இருக்கப் போவதில்லை.

கொட்டகலைக் கடைவீதியைத் தாண்டினால் மெயின் ரோட்டோரம் தகரக் கூரை போட்ட என் கராஜ் இருக்கிறது. மெக்கானிக்கை பாஸ் என்று கூப்பிடுகிற ஊரில் நான் பிரேக் பாஸ். எனக்குக் கார்ப் பைத்தியம் பள்ளிக்கூட நாளிலேயே பிடித்தது. வைத்தியம் இன்னும் கிடைக்கவில்லை. மலையகத்தில் கார் வைத்திருப்பது என்றால் மழை, பனி, குழி, வளைவு, லீசிங் கடன், சொந்தபந்தம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்திருப்பது. காரை வாங்கி அவதிப்படுகிற உங்களுக்கும், உங்கள் காருக்கு அடியில் ஈரத் தரையில் படுத்து அவதிப்படுகிற எனக்கும் பொதுவாகச் சில சங்கதிகள் உண்டு. அவற்றில் சிலதைச் சொல்கிறேன். சிரிக்க முடிந்த இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள், பிறகு வாய்ப்புக் கிடைக்காது.

மேலே போகிறவர்களுக்கு மட்டும்

ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் சீசன். பூப் பார்க்க வருகிறவர்கள் பூப் பார்ப்பார்கள். நானும் சிவபாலனும் மலையேற்றக் கார் ஓட்டம் பார்க்கப் போவோம். சிவபாலன் என்னோடு படித்தவன். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில், தொழிலாளர் லயத்தில் குடியிருந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. அவனுக்குக் கார் ஓட்டம் என்றால் சத்தம்தான். புறப்படுகிற இடத்தில், டயர் புகைய, காது அடைக்க நிற்க வேண்டும். எனக்கு வளைவு. வளைவுக்கு எவ்வளவு கிட்டப் போய் பிரேக்கை மிதிக்கிறான், மிதித்த பிறகு வண்டி சொன்ன சொல் கேட்கிறதா, இதுதான் என் கணக்கில் ஓட்டம். நேர் ரோட்டில் எவனும் வீரன்தானே. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் இதே சண்டை பிடிப்போம். பக்கத்து சீட்காரர்கள் எங்களைக் குடித்தவர்கள் என்று நினைத்து ஒதுங்கி உட்காருவார்கள்.

ஒரு வருடம், ஓட்டத்துக்கு முந்தின நாள், கொழும்புப் பிள்ளை ஒருவன் தன் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு என் கராஜுக்கு வந்தான். முன்பக்கத்து பிரேக் ஒன்று பிடித்த பிடியை விடாமல் நின்றது. சிவபாலன் அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, அந்தக் காரைச் சாமி சிலையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும், "ஓட்டம் முடிஞ்சு ஊருக்கு எறங்கும்போது சின்னக் கியர்ல மெதுவா போங்க தம்பி, பிரேக் கொதிச்சுப்போயிருக்கும்" என்றேன். அந்தப் பிள்ளை கொஞ்சம் முழித்தான். திரும்பும்போதும் கார் டிரெய்லரில்தான் போகுமாம். இறங்குவதைப் பற்றி இதுவரை யாரும் அவனிடம் பேசியதே இல்லையாம். அதைக் கேட்டு சிவபாலன் விழுந்து விழுந்து சிரித்தான். பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னான்: "எறங்குறதுக்கு யாரும் கப் குடுக்கிறதில்லையே அங்கிள்."

கிளாக்கர் ஐயாவின் கணக்கு

நமக்கு டிரெய்லர் இல்லை, தினமும் இறங்கியாக வேண்டும். நாட்டில் பெற்றோல் இல்லாமல் வரிசையில் நாள்கணக்கில் கிடந்தோமே, அந்த வருடம் உங்களுக்கு மறந்திருக்காது. அப்போது மலையகத்தில் கார் வைத்திருந்த எல்லோரும் ஒரு வித்தை பழகினார்கள். ஏற்றம் முடிந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவது. வண்டி தன்பாட்டில் இறங்கும். ஒரு சொட்டுச் செலவில்லாமல் இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை வந்தேன் என்று, தேர்தலில் ஜெயித்தவர்களைப் போலப் பேசிக்கொண்டார்கள். பிறகு வரிசை ஒழிந்தது. வித்தை ஒழியவில்லை.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் தன் சின்னக் காரைக் கொண்டுவந்து, பிரேக் கல்லு மாதிரி நிற்கிறது, மிதித்தால் அசையமாட்டேன் என்கிறது என்றார். ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே பிடித்தது. "எறக்கத்துல எஞ்சின அணைச்சீங்களா ஐயா?" என்றேன். அவர் பார்வையைத் தேயிலை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். நம் கால் பலம் காணாது என்றுதான் பிரேக்குக்கு பூஸ்டர் என்று ஒரு சாமான் வைத்திருக்கிறார்கள், எஞ்சின் ஓடினால்தான் அது உதவும், அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதியிலேயே பெடல் கல்லாகிவிடும் என்று விளக்கினேன்.

அதோடு விடாமல் இன்னொன்றும் சொன்னேன். அவருடையது இன்ஜெக்‌ஷன் வண்டி. கியரில் போட்டு, எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால் எஞ்சின் சுற்றும், ஆனால் அதற்குப் பெற்றோல் போகாது. அணைப்பதில் லாபமே கிடையாது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "சத்தம் போடுற எதுவும் சாப்பிடாம சத்தம் போடாது பாஸ்."

சாமிக்கு முன்னால் துரு

ஆயுத பூசைக்கு மறுநாள் எனக்கு எப்போதும் வேலை இருக்கும். ஒரு தடவை பொகவந்தலாவையிலிருந்து பலசரக்குக் கடை முதலாளி ஒருவர் வந்தார். புதிதாக வாங்கிய கார். டயர் மாட்டுகிற சில்லு நடுவே ஓட்டை ஓட்டையாக அழகான டிசைன், அதன் வழியாக உள்ளே இருக்கிற பிரேக் தட்டு தெரியும். நம் ஊர் பனியில் ஒரு இரவு நின்றால் அந்தத் தட்டில் மெல்லிசாகத் துரு படரும். நாலு தரம் பிரேக் மிதித்தால் தானாகப் போய்விடுகிற துரு அது. முதலாளிக்கு மனசு பொறுக்கவில்லை. பூசைக்கு முன்னால் நாலு தட்டையும் தேங்காயெண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்துவிட்டார். சந்தனம், குங்குமம், மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், எல்லாம் முறைப்படி நடந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்ட கார் அவருடைய சொந்தக் கடையின் வெங்காய மூட்டைகளில்தான் போய் நின்றது.

தட்டுகளைக் கழற்றி எண்ணெய் போகக் கழுவி, எண்ணெய் குடித்த பிரேக் பேட்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினேன். பிரேக் என்பதே உராய்வதுதான், அதில் எண்ணெய் தடவினால் எது உராயும் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். முதலாளி தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். காரில் ஏறும்போது கண்ணாடியை இறக்கி, மனக்குறையோடு கேட்டார்: "அதுக்காகத் துருவோடயா பாஸ் சாமிக்கு முன்னாடி நிறுத்துறது?"

நிறுத்த ஒரு இடம்

சிவபாலன் கடைசியில் ஒரு கார் வாங்கினான். பழைய லான்சர், வெள்ளை. பந்தயத்துக்குப் போகிற எண்ணம் அவனுக்கு இருந்தது என்று எனக்குத் தெரியும்; வாய் விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. நான் பிரேக் முழுவதையும் புதிதாகச் செய்து கொடுத்தேன். சைலன்சரை மட்டும் அவனே எங்கேயோ போய் மாற்றிக்கொண்டு வந்தான். அந்தக் கார் மெயின் ரோட்டில் வருவதற்கு முன்பே அதன் சத்தம் என் கராஜுக்குள் வந்துவிடும்.

கார் வந்தது, நிறுத்த இடம் வரவில்லை. லயத்தில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. பத்துக் குடும்பம் ஒரே கூரைக்குக் கீழ். முன்னால் நடக்கிற பாதை, பின்னால் மண்மேடு. அந்த மேட்டில் கொஞ்சம் வெட்டி ஒரு கொட்டகை போடலாம் என்று சிவபாலன் மண்வெட்டியை எடுத்தான். தோட்டத்து நிலம், ஒரு கூடை மண் எடுக்கக் கூடாது என்று ஆபீசிலிருந்து ஆள் வந்து நிறுத்திவிட்டார்கள். தோட்டத்து மேனேஜர் தொரையைப் பார்த்துப் பேசினான், தொழிற்சங்கத் தலைவர் மூலமாகக் கேட்டுப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தின் ஓரத்தில், மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், மழையிலும் வெயிலிலும் கார் நின்றது. கதவு அடியில் துரு ஏறிவிட்டதைக் காட்டி அவன் சொன்னான்: "காருக்கு ஒரு கையெழுத்துல லீசிங் குடுத்துட்டான் மச்சான். அத நிறுத்துற மண்ணுக்கு எங்கப்பன் பாட்டன் உசுரு போயும் ஒரு கையெழுத்து கெடைக்கல."

சங்கத்துப் பெற்றோல்

கோயிலுக்குப் பக்கத்தில் நிற்கிற கார் கோயில் கார் மாதிரிதான். மேல்பிரிவில் வேறு வண்டி கிடையாது. மெயின் ரோட்டுக்கு இறங்குகிற பாதையில் த்ரீவீலர்காரர்கள் மழை நாளில் வரமாட்டார்கள். பிரசவ வலி என்றாலும், தேயிலைக்குள் குளவி கொட்டி ஆள் விழுந்தாலும், நெஞ்சுவலி என்றாலும் சிவபாலன் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். பந்தயத்தில் பறக்க வேண்டும் என்று வாங்கிய காரின் பின்சீட்டில் எப்போதும் ஒரு பழைய கம்பளியும் ஒரு பிளாஸ்டிக் பேசினும் கிடந்தன. உங்களில் தோட்டத்தில் கார் வைத்திருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கும், கார் ஊருக்குச் சொந்தம்.

அவன் கூலி வாங்கமாட்டான். அதனால் பிரிவின் மரண உதவிச் சங்கம் ஒரு முடிவெடுத்தது. நோயாளியை ஏற்றிப் போகிற பெற்றோலைச் சங்கம் வாங்கித் தரும், வீட்டுக்கு வீடு பங்கு. அன்றைக்குத்தான் சனியன் பிடித்தது. அதுவரை சத்தத்துக்காகவே கார் ஓட்டியவன், அந்தப் பெற்றோல் வந்த பிறகு இறக்கத்தில் எஞ்சினை அணைக்க ஆரம்பித்தான். மேல்பிரிவிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் முழுக்க இறக்கம். ஒருநாள் என் கராஜ் வாசலில் அந்தக் கார் சத்தமே இல்லாமல் வந்து நின்றபோது கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

கிளாக்கர் ஐயாவுக்குச் சொன்ன அத்தனையும் அவனுக்கும் சொன்னேன். உன் இன்ஜெக்‌ஷன் கதை புது வண்டிக்கு, இது பழைய கார்புரேட்டர், சுற்றினால் குடிக்கும் என்றான். அது உண்மைதான். குடித்தால் குடிக்கட்டும், பெடல் கல்லானால் என்ன செய்வாய் என்றேன். ஒரே பாதை, ஒரே வளைவுகள், எங்கே எத்தனை மிதி என்று காலுக்குத் தெரியும் என்றான். வருடாவருடம் கார்கள் மேலே ஏறுவதை மட்டுமே பார்த்து வந்தவனுக்கு இறக்கத்தைப் பற்றிப் பயமே இல்லை. நான் விடாமல் நச்சரித்ததும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கொழுந்து பறிச்ச கையால குடுத்த பெற்றோலு மச்சான். சும்மா எறங்குற எடத்துலயெல்லாம் அத எரிச்சுட்டு நான் எப்படி அதுங்க மூஞ்சியில முழிக்கிறது?"

தீர்மானம்

அவன் கேட்கவில்லை என்றதும் நான் சங்கக் கூட்டத்துக்கே போனேன். கோயில் வாசலில் கூட்டம். பிரேக் பாஸ் என்னத்துக்கு வந்திருக்கிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பழைய பிரேக் டிரம்மையும் அதற்குள் உராய்கிற லைனரையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். தூக்கிக் காட்டி, எஞ்சின் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்று சொன்னேன். எனக்குப் பேச வராது. பாதியில் சங்கத்தின் தலைவர் குறுக்கிட்டு, இறக்கத்தில் எரிகிற பெற்றோலுக்கும் சங்கம் பொறுப்பெடுத்தால் மற்ற செலவுக்கு எங்கே போவது என்று ஆரம்பித்தார். சிவபாலன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி லெட்சுமி பெண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள்தான்.

லெட்சுமிக்கு அடுத்த வீட்டு முனியம்மா எழுந்தாள். அவள் மகள் யோகம் அப்போது மாசமாக இருந்தாள், தலைப்பிரசவம். முனியம்மா பேசியதும் தலைவர் அடங்கிவிட்டார். எஞ்சினை அணைக்காமல்தான் இறங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சிவபாலனும் எழுந்து, சரி என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னான். முனியம்மா பேசியது இவ்வளவுதான்: "எங்க பெற்றோலு எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது. ஆளு முழுசா போய்ச் சேரட்டும்."

குழாய்

யோகத்துக்கு வலி எடுத்தது ஒரு காலை நேரத்தில். மலை முழுக்க மூட்டம். சிவபாலன் காரில் யோகத்தையும் முனியம்மாவையும் ஏற்றிக்கொண்டு இறங்கினான். தொழிற்சாலைக்கு மேலே உள்ள வளைவில், கொழுந்து லொறி ஒன்று பின்னால் எடுத்துப் பாதையை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது. கார் நிற்கவில்லை. லொறியைத் தவிர்த்து ஒடித்ததில் பாதையை விட்டுக் கீழே கல் கட்டிய தண்ணீர்க் கானுக்குள் போய் மோதியது. யோகத்துக்குச் சிராய்ப்புதான், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. முனியம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. அதற்குப் பிறகு அவள் மலைக்கு வேலைக்குப் போகவில்லை. சிவபாலன் அந்த இடத்திலேயே இறந்துபோனான்.

எப்படி நடந்தது என்று எல்லோரும் முனியம்மாவைத்தான் கேட்டார்கள். "மிதி மிதின்னு மிதிச்சாரு, பிரேக் புடிக்கல" என்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்று நான் கேட்டேன். மகள் கத்திய கத்தலில் தனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை என்றாள். விசாரணைக்கு வந்த அதிகாரி காரைப் பார்த்தார். சாவி எஞ்சின் ஓடுகிற நிலையில் இருந்தது, அப்படியே கிடந்து பற்றரி இறங்கிப்போயிருந்தது. முன்பக்கத்து பிரேக் குழாய் அறுந்து பிரேக் ஒயில் முழுவதும் வடிந்திருந்தது. பிரேக் கோளாறு என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்தக் குழாய் நான் போட்டது. மோதியதால் அறுந்ததா, அறுந்ததால் மோதியதா? எனக்குத் தெரியவில்லை. குழாய் அறுந்திருந்தால் பெடல் தரை வரைக்கும் பொத்தென்று உள்ளே போயிருக்கும். எஞ்சின் அணைந்திருந்தால் கல்லாக நின்றிருக்கும். அது அவனுடைய காலுக்கு மட்டும் தெரிந்த விஷயம். லைனரைப் பிரித்துப் பார்த்தேன், சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்தது எனக்கு ஆறுதலாக இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் குழாயை முறுக்கிய என் கை ஞாபகம் வரும், எழுந்துவிடுவேன். நண்பனை என் கையாலேயே கொன்றுவிட்டேனோ என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன்.

எனக்கு உதிரிப்பாகம் தருகிற கடைக்காரர் நஸீர் நானா. அந்தக் குழாயும் அவர் கடையில் வாங்கியதுதான். மேல்பிரிவிலிருந்தும் சுற்றுப்பக்கத்திலிருந்தும் ஆள்கள் என் கராஜைத் தாண்டி ஹட்டனுக்கு வண்டி கொண்டுபோக ஆரம்பித்ததை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இரண்டு பிளேன்டீயோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நீங்களும் என்னை நம்பவில்லையா என்று கேட்டேன். நானா தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்: "நம்புறேன் பாஸ். ஆனா என் வண்டிய உங்ககிட்ட விட்டா என் பொஞ்சாதி ஏற மாட்டேங்கிறா."

சாவி

சில மாதங்கள் போயின. ஏப்ரல் வந்தது, நான் நுவரெலியாவுக்குப் போகவில்லை. பிறகு ஒரு மழை நாளில் லெட்சுமி கடைவீதிக்குச் சாமான் வாங்க வந்தவள் குடையை மடக்கிக்கொண்டு கராஜுக்குள் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நீங்க சரியா சாப்பிடுறதே இல்லன்னு அண்ணி சொல்லிக் கவலைப்பட்டாங்க" என்றாள். வேலையில்லாத கராஜில் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு லொறிக்காரரு ஆள் கூப்பிட பேக்டரிக்கு ஓடிட்டாரு, குறுக்குப் பாதையில மொதல்ல அங்க ஓடிப்போனது நான்தாண்ணே" என்றாள். "அவருக்கு மூச்சு இல்லன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. முனியம்மாக்கா மயங்கிக் கெடந்தாங்க. யோகம் கண்ண மூடிக்கிட்டுக் கத்திக்கிட்டு இருந்துச்சு. மேலேருந்து ஆளுங்க ஓடியாற சத்தம் கேட்டுச்சு. நான் சாவியப் பாத்தேன். அணைஞ்சுதான் இருந்துச்சு. கைய விட்டுத் திருப்பி வச்சேன்."

என் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். காரணம் என் குழாய் இல்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைக்கவில்லை. அடுத்த நிமிடமே சிவபாலன் முகம் வந்தது. கூட்டத்தில் எழுந்து நின்று சரி என்று சொன்னவன், ஊர் கொடுத்த பெற்றோலை அன்றைக்கும் மிச்சம் பிடித்திருக்கிறான். ஏன் திருப்பினாய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். எல்லோரும் சொல்லியும் கேட்காமல் எஞ்சினை அணைத்துப் பக்கத்து வீட்டுக்காரியை முடமாக்கினான் என்று ஆகிவிட்டால், அவள் பிள்ளைகள் அந்த லயத்தில் எப்படித் தலைநிமிர்ந்து நடக்கும்? பிரேக் போய்விட்டது என்றால் அவன் ஊருக்காகச் செத்தவன். இப்போது கோயில் திருவிழாவில் அவன் பேரைச் சொல்லி ஒரு தீபம் ஏற்றுகிறார்களாம்.

"உங்களுக்கு மட்டும் தெரியட்டும்னுதான் வந்தேன். நீங்க வெளிய சொன்னாலும் நான் உங்களக் குத்தம் சொல்ல மாட்டேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, உண்மை. என் தொழில் போய்க்கொண்டிருந்தது. அதை ஒரே வார்த்தையில் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். அவளைப் பார்த்தேன். மழையில் நனைந்த சாமான் பை, பழைய செருப்பு. குடையை விரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க கடைவீதியில இருக்கீங்கண்ணே, எப்படியும் பொழைச்சுக்குவீங்க. நான் முனியம்மாக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டுலதான் இருந்தாகணும்."

ஊரில் இன்றுவரை நான் இதை வெளியே விடவில்லை. பெயர்களை மாற்றித்தான் இதை எழுதியிருக்கிறேன், மேல்பிரிவு என்று ஒன்று எல்லாத் தோட்டத்திலும் உண்டு, நீங்களும் தோண்டித் துருவ வேண்டாம். இப்போது அங்கே ஒரு வேனும் இரண்டு த்ரீவீலரும் வந்துவிட்டனவாம். பிரேக்கை நம்பி மோசம் போனவனைக் கண்ணால் பார்த்ததால் அத்தனை பேரும் எஞ்சினை அணைக்காமல், அதன் பிடியிலேயே, முதல் கியரில், ஊர்ந்து ஊர்ந்து இறங்குகிறார்களாம். இத்தனை வருடம் தொண்டை கிழியச் சொல்லியும் யாரும் கேட்காத ஒன்றை, என் பெயர் கெட்டுத்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.